ஊதா மருந்து

இன்று காலை மிஷின் இழுப்பறையில் ஊசி தேடும்போது அந்த ஊதா மருந்துப் புட்டி கையில் தட்டுப்பட்டது. அடியில் காய்ந்து ஒட்டிக் கிடந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லை. அது தீர்ந்துகொண்டிருந்தபோது, தீர்ப்பது புறாவா, நீங்களா என்று எனக்குத் தெரியாது.

புறாக்கூண்டில் வெட்டுத்துணி போட வேண்டாம், நூல் நூலாகப் பிரிகிறது என்று சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. மார்கழிக் குளிருக்கு மெத்தையாக இருக்கட்டும் என்று, தைத்து மிஞ்சியதை அள்ளிப் போட்டீர்கள். "டெய்லர் வீட்டுப் புறா வெறும் பலகையிலயா படுக்கும்?" என்று சிரிப்பு வேறு. அதில் பிரிந்த நூல்தான் வெள்ளைப்புறாவின் காலைச் சுற்றி இறுக்கியது. நீங்கள் பார்த்தபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

பொங்கல் துணி குவிந்து கிடந்தும் அன்று கடையைத் திறக்கவில்லை. புறாவைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாகல் நகரிலிருந்து ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். "ரெண்டு விரலும் செத்துப்போச்சு. எடுக்கலைன்னா காலு போயிரும், அப்புறம் உசுரும் போயிரும்" என்றார் டாக்டர்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "ஏத்தா, நீ சொல்லு. விரலா, உசுரா?"

"இதென்ன கேள்வி? உசுருதான்."

விரலை எடுத்து முடித்து வெளியே வரும்போது உங்கள் கண் கலங்கியிருந்தது. என் பிரசவத்துக்குக்கூட நீங்கள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

அப்புறம் தினமும் புறாவை மடியில் வைத்து, டாக்டர் தந்த ஊதா மருந்தைப் போட்டீர்கள். வேட்டியெல்லாம் ஊதாக் கறை. "புறாவுக்கு மருந்து போடுறீங்களா, வேட்டிக்குச் சாயம் போடுறீங்களா?" என்று கேட்டேன். "உன் வாய்க்கும் ரெண்டு சொட்டு விடவா?" என்றீர்கள். புறா தேறி நடந்த பிறகும் கறை வந்துகொண்டே இருந்தது. நான் சோப்பைத்தான் மாற்றினேன்.

ஒருநாள் நீங்கள் தைத்துக்கொண்டிருக்க, மிஷினுக்கு அடியில் நூல் கூட்டக் குனிந்தேன். நாற்றம் வந்தது. உங்கள் காலைத் தூக்கிப் பார்த்தேன். கத்தரி விழுந்த புண்ணாம். சர்க்கரை வந்த காலாச்சே, வலியே தெரியவில்லையாம். ஒரு மாதமாகப் புறா மருந்தைத் தடவி என்னிடம் மறைத்திருக்கிறீர்கள்.

பெரியாஸ்பத்திரி டாக்டரும் அதையேதான் சொன்னார். ரெண்டு விரலை எடுத்தால் கால் தப்பும் என்றார். நீங்கள் என் பக்கம் திரும்பிக் கேட்பீர்கள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. செருப்பை மாட்டினீர்கள்.

"விரலு இல்லாம மிஷின எப்புடி மிதிக்கிறது?"

"மோட்டார் மாட்டிக்கலாங்க."

"நீ சும்மா கெட. மிஷினப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

இருபது வருஷம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி தைத்தவளுக்கு என்ன தெரியும். கெஞ்சினேன், பட்டினி கிடந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்றே பங்குனி வந்துவிட்டது. காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது, விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் உங்களைத் துணியில் சுற்றித் தந்தார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள், "ஒரு புறாவுக்கே அம்புட்டுப் பாடுபட்ட மனுசன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்கவே பிடிக்கவில்லை. உங்களை நல்லவர் என்று சொல்ல என்னால் இன்னும் முடியவில்லை.

புறா இருக்கிறது. நொண்டி நொண்டி மிஷின் பலகை மேல் நடக்கிறது. கூண்டில் இப்போது வைக்கோல்தான். கடையை நான்தான் பார்க்கிறேன். மிஷினுக்கு மோட்டார் மாட்டிவிட்டேன். மிதிக்கவே வேண்டாம், லேசாகக் கால் வைத்தால் போதும். தினமும் வேலை தொடங்கும் முன் செத்த நேரம் விரல்களைத் தூக்கிக்கொண்டு, குதிகாலால் மட்டும் அழுத்திப் பார்க்கிறேன்.

ஓடத்தான் செய்கிறது.