ஒரே ஒரு ஆட்சேபணை

மார்ச் 4

காலையில் இரண்டு பேருக்கு முடி வெட்டினேன். மூன்றாவதாக வந்தவள் எதிர்வீட்டு டீச்சர். துணியைப் போர்த்தி, தண்ணீர் அடித்து, கத்தரியை எடுக்கும்போதுதான் சொன்னாள். “அக்கா, வீட்டு வரி விஷயம் கேள்விப்பட்டீங்களா? வீட்டுல ஒரு மூலையில தொழில் நடந்தாலும் மொத்த வீட்டையும் கடைன்னு கணக்கெடுத்து வரி போடப் போறாங்களாம்.”

என் பார்லர் என்பது என்ன? முன்னறை, ஒரு கண்ணாடி, ஏற்றி இறக்கும் ஒரு நாற்காலி. மிச்சமெல்லாம் வீடு. அந்த மிச்சத்தில்தான் இவர், என் கணவர், படுத்திருக்கிறார்.

மார்ச் 5

நகராட்சி அலுவலகத்தில் அறிவிப்பை ஒட்டியிருக்கிறார்கள். நின்று முழுக்கப் படித்தேன். டீச்சர் சொன்னது உண்மைதான். வரி நான்கு மடங்காகும். “வெளிய ஒரு கடை எடுத்துக்குங்களேம்மா” என்று அங்கிருந்த குமாஸ்தா யோசனை சொன்னார். எடுக்கலாம். இவரைப் புரட்டிப் படுக்கவைப்பது யார்? குமாஸ்தாவா வருவார்?

பக்கவாதம் வந்ததிலிருந்து இவருக்கு இடது பக்கம் வேலை செய்வதில்லை. வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது. விஷயத்தைச் சொன்னதும், “வீடு மொத்தமும் கடைன்னா, அப்ப நான் விக்காத சரக்கா?” என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 7

வீட்டுச் சொந்தக்காரர்கள் ஆட்சேபணை மனு கொடுக்கலாமாம். மாதக் கடைசியில் கருத்துக் கேட்புக் கூட்டம். என் மனுவைக் கொடுத்துவிட்டேன்.

நாலைந்து வீடு சேர்ந்தால்கூடப் போதும். இந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? என்னிடம் தலையைக் கொடுக்கிறவர்கள் குடும்பக் கதையையும் சேர்த்தே கொடுப்பார்கள். டீச்சர் வீட்டு மாடியில் டியூஷன். மூலை வீட்டுப் பெண் கேக் செய்து விற்கிறாள். அடுத்த வீட்டுக் கணக்கர் முன்னறையிலேயே ஊரார் கணக்கையெல்லாம் எழுதுகிறார். நாளைக்கு ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும்.

மார்ச் 9

ஒருத்தரும் மனு கொடுக்கமாட்டேன் என்கிறார்கள். மனுவில் வீட்டு எண் எழுத வேண்டும், வீட்டில் என்ன தொழில் என்றும் எழுத வேண்டும். அங்கேதான் எல்லோருக்கும் பேனா நின்றுவிடுகிறது.

“எழுதிக் குடுத்தா நானா போய் மாட்டிக்கிட்ட மாதிரி ஆகாதா அக்கா? கேட்டா டியூஷனே எடுக்கலன்னு சொல்லிட்டுப் போறேன்.” இது டீச்சர். சொல்லும்போது மேலே பிள்ளைகள் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தன.

கணக்கர் அவளுக்கும் மேல். “தொழிலா? நான் ரிட்டயர்டு ஆளும்மா.”

கேக் பெண் மட்டும் கொஞ்சம் யோசித்தாள். கைக்குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, “எனக்குச் சரிதான்க்கா. வீட்டுக்காரர் வேணாங்கறாரு” என்றாள்.

மார்ச் 10

அவர்கள் ஒளிந்துகொள்ளலாம். என் வாசலில் போர்டு தொங்குகிறதே, நான் எங்கே போய் ஒளிவது? பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்க, மணியோடு போய் நின்ற எலி நான்தான்.

மார்ச் 16

மகள் போனில், “வீட்டை வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கம்மா” என்றாள். அவளுக்கு இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் மாமியார். ஒப்புக்குக் கூப்பிட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகத்தான் கூப்பிட்டாள்.

என்ன செய்யப் போகிறேன்? எனக்குத் தெரியவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

மார்ச் 27

நாளைக்குக் கூட்டம்.

“கேட்டா எல்லார் வீட்டையும் சொல்லிடு” என்றார் இவர்.

“காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?”

“உன்ன முன்னாடி தள்ளிட்டு அவங்க பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாங்களே, அதுக்கு என்ன பேரு?”

சரியாகத்தான் சொல்கிறார். சொல்லப் போகிறேன். சத்தியமாகச் சொல்லிவிடப் போகிறேன்.

மார்ச் 28

சொல்லவில்லை.

மார்ச் 29

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

டீச்சர், கணக்கர், கேக் பெண் எல்லோரும் வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க. “இந்த வார்டுல இருந்து ஒரே ஒரு ஆட்சேபணைதான் வந்திருக்கு” என்று அதிகாரி என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்தேன். இவர் நிலைமையைச் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான்.

“உங்க தெருவுல வேற வீடுகள்லயும் இப்படித் தொழில் நடக்குதாம்மா? நிறையப் பேரு பாதிக்கப்படறாங்கன்னா, இந்த விதியையே மறுபடி யோசிங்கன்னு மேல எழுதலாம்.”

திரும்பிப் பார்த்தேன். டீச்சர் கைப்பைக்குள் எதையோ தேடினாள். கணக்கர் மின்விசிறியைப் பார்த்தார். கேக் பெண் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒருத்தராவது எந்திரிங்களேன்! ஒரே ஒருத்தர் — நான் எவ்வளவு நேரம்தான் அப்படியே நிக்கிறது?

“எனக்குத் தெரிஞ்சு நான் மட்டும்தாங்க.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பெரிய நல்லவளா நான்? ஒன்றும் இல்லை. நாளைக்கும் இதே தெருவில்தானே இருக்கணும்ங்கிற பயம். அவங்களைக் கோழைன்னு திட்டினேனே, நான் மட்டும் என்னவாம்?

ஏப்ரல் 18

உத்தரவு வந்துவிட்டது. விதி அப்படியே நிறைவேறியிருக்கிறது. எனக்கு மட்டும் விலக்கு. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறேனாம், வார்டிலேயே இப்படி இருப்பது ஒரே வீடாம், அதனால் பழைய வரியே போதுமாம்.

இவருக்குப் படித்துக் காட்டினேன். “பரவாயில்லையே, படுத்துக்கிட்டே சம்பாதிச்சிருக்கேன்” என்றார். பல நாளுக்கப்புறம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மே 6

வீடு வீடாக ஆய்வாளர் வந்தார். டீச்சர் வீட்டு மாடிப்படி முழுக்கப் பிள்ளைகளின் செருப்பு. எதையென்று மறைப்பாள்? கணக்கர் வீட்டு அலமாரி பூராவும் ஊரார் கோப்புகள். கேக் பெண் வீட்டுக்கு மூக்கே வழிகாட்டியிருக்கும். மூன்று பேருக்கும் கடை வரி. ஆட்சேபிக்கும் நாள் எப்போதோ முடிந்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் தெருவே பேசி முடித்துவிட்டது. நான்தான் தனியாகப் போய்க் காட்டிக்கொடுத்தேனாம். அதற்குக் கூலிதான் இந்த விலக்காம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? என்னைப் பார்த்ததும் டீச்சர் கதவைச் சாத்தினாள்.

மே 8

ஒருத்தரும் வரவில்லை.

மே 14

மத்தியானம் கேக் பெண் வந்தாள். முடி வெட்டத்தான் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துத் திருப்பிப் போட்டேன். உட்காரவில்லை. தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, எல்லாரும் சொல்றாங்களே. அப்புறமா போய் எங்க பேரைச் சொன்னீங்களா?”

“இல்லம்மா. நான் மட்டும்தான்னு சொன்னதை நீயும் கேட்டல்ல? அதோட சரி.”

“எனக்குத் தெரியும்க்கா.” குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். “அன்னிக்குக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமேக்கா.”

நீ எழுந்து நின்றிருக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் கண் ஏற்கெனவே வீங்கியிருந்தது. விழுங்கிவிட்டேன்.

ஓவனை விற்கப் போகிறாளாம். “உங்ககிட்ட வர்றவங்க யாராவது வாங்குவாங்களான்னு கேட்டுப் பாருங்கக்கா” என்றாள்.

கேட்கிறேன் என்றேன். ஒரு வாரமாக அந்த நாற்காலியில் யாருமே உட்காரவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.