எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் சிட்டுவும் நலம் என்று முதலில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். கிடங்கில் பெட்டி தூக்கும்போது இடுப்பு பெல்ட்டைப் போட்டுக்கொள்கிறீர்களா? இங்கே எனக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

சிட்டுவை எதிர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கேட்ட எல்லை விலக்கு கிடைக்கவில்லை. ஜன்னலில் நின்றால் எதிர்ப் பள்ளிக்கூடத்தின் வாசல் தெரிகிறது. ஆனால் பள்ளி எல்லை நம் தெருவின் நடுவே போகிறதாம். நாம் இந்தப் பக்கமாம். அதனால் சிட்டு இரண்டு பஸ் மாறி வேறு பள்ளிக்கூடம் போக வேண்டுமாம். அங்கே ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள். காது கேளாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த டீச்சர் இருப்பது எதிர்ப் பள்ளியில் மட்டும்தான். இவளைப் போன்றவர்களுக்காகத்தானே விலக்கு என்ற ஒன்றையே வைத்திருக்கிறார்கள்!

கல்வி அலுவலக அதிகாரி நல்ல மனிதர். அதுதான் எரிச்சலே. சிட்டுவை வெளிச்சத்தில் எதிரே உட்காரவைத்து, முகம் பார்த்து, நிறுத்தி நிதானமாகக் கேட்டார். பெயர் என்ன, வயது என்ன, என்ன கலர் பிடிக்கும். இவள் அவர் உதட்டையே பார்த்து டாண் டாண் என்று பதில் சொன்னாள். இரண்டு வாரமாகக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்துப் பழக்கியது நான்தான். 'நேர்காணல்' என்று அவர்கள் கடிதத்தில் இருந்ததைப் பார்த்து, நன்றாகப் பேசினால் இடம் கிடைக்கும் என்று நினைத்துவிட்டேன். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா?

நல்லாத்தானே புரிஞ்சுக்குது, இதுக்கு எதுக்கும்மா விலக்கு என்றார். டாக்டர் சான்றிதழை நீட்டினேன். நேரில் பார்த்ததுதான் செல்லுமாம். ஒரே ஒரு தடவை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னு கேளுங்க சார், டீச்சர் போர்டுல எழுதும்போது அப்படித்தானே பேசுவாங்க என்று கெஞ்சினேன். ஃபைலை மூடிவிட்டார்.

வருகிற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் மேல்முறையீடு. பக்கத்து வீட்டுத் தையல்காரக்கா, இந்தத் தடவை ஒண்ணும் புரியாத மாதிரி உட்காரச் சொல்லு என்கிறார். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு வருஷமாக, பார், புரிஞ்சுக்கோ, பதில் சொல்லு என்று அந்தக் குழந்தையை விரட்டியவள் நான்.

நேர்காணல் அன்று முதல் சிட்டு கேட்கிறாள், எந்தக் கேள்விக்குத் தப்பாச் சொன்னேன் என்று. ஒன்றுமே தப்பில்லை என்றேன். என் வாயையே பார்த்துவிட்டு, உன் உதடு நடுங்குதும்மா, நீ பொய் சொல்றே என்றுவிட்டாள்.

எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டாள். தாளில் எழுதியது நடுங்காது. அதனால் நீங்கள் பெரிய எழுத்தில், அவள் எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னாள் என்று எழுதி அனுப்புங்கள். அந்த வியாழனுக்குள் வந்துசேர வேண்டும். லீவு கிடைத்தால், கடிதத்துக்குப் பதிலாக நீங்களே வந்தாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் சிட்டுவின் அம்மா