ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் ஒரு சத்தம்

மார்ச் 4, செவ்வாய்

இந்த நோட்டின் முன்பக்கம் அவருடையது. அதைத் தொடாமல் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். "மனசுலயே வச்சுக்கிட்டுத் திரியாதீங்க, எதுலயாவது எழுதிப் போடுங்க" என்றார் வார்டு நர்ஸம்மா. ஐந்தாவது வரை படித்தவளுக்குப் புது நோட்டு எதற்கு? இதிலேயே பாதிக்கு மேல் காலி.

ஆஸ்பத்திரித் துணி அறைக்கு இன்று வெளுத்து வந்தது இருநூற்றுப் பத்து விரிப்பு. நான்கில் கிழிசல், தைக்க எடுத்து வைத்தேன்.

அவர் போய் நாற்பத்தாறு நாள்.

மார்ச் 6, வியாழன்

மகள் போன் செய்தாள். சாப்பிட்டாயிற்று என்றேன். சாப்பிடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மகள் வந்தாள். அவருடைய சின்ன அறையை ஒழிக்கத்தான். கம்ப்யூட்டரின் மேல் நான் போர்த்தியிருந்த விரிப்பை எடுத்துவிட்டு, "இதுல போட்டோ ஏதாவது இருக்கா பாக்கறேம்மா" என்று போட்டாள். போட்ட ஐந்து நிமிஷத்தில் அது கூப்பிட ஆரம்பித்தது. போன் மாதிரி மணி. திரையில் ஒரு முறுக்கு மீசைப் படம்.

எனக்குத் தெரியும். மீசை. அவரோடு சேர்ந்து கம்ப்யூட்டருக்கு விமானம் செய்கிற ஆள். முகம் பார்த்ததில்லை. மூன்று வருஷமாக இந்த வீட்டில் குரல் மட்டும் கேட்கும்.

மீசைக்கு ஒன்றும் தெரியாது. அண்ணனுக்குக் கோபம் போல, அதனால்தான் வரவில்லை என்று நினைத்திருக்கிறார். மகள் விஷயத்தைச் சொன்னாள். "எப்படிங்க?" என்றார் மீசை. பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார், அப்படியே உட்கார்ந்தார், அவ்வளவுதான் என்று மகள் சொன்னாள். இத்தனை பேருக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

அறையை ஒழிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அவர் செய்தது என்ன என்று எழுதி வைக்கிறேன். பேரப்பிள்ளை பிறந்தால் படிக்கட்டும்.

பஸ் பணிமனையில் முப்பத்திரண்டு வருஷம் என்ஜின் மெக்கானிக். ஓய்வு பெற்றதும் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். பழைய சண்டை விமானம். ஒருவர் மட்டும் உட்காரலாம், மூக்கில் விசிறி. நிஜத்தில் அந்த வகையில் ஒன்று, இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில், பழைய ஓடுதளத்துக் கூடத்தில் நிற்கிறது. பறக்காது. மாதம் ஒரு சனிக்கிழமை என்ஜினை மட்டும் பத்து நிமிஷம் ஓட்டுவார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கம்ப்யூட்டரில் இருப்பது பொய் என்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதைச் சொன்னேன். "நல்லா இருக்கறது வேற, அதுவா இருக்கறது வேறடி" என்றார்.

அன்றிலிருந்து ஆரம்பம். மீசை கணக்குப் பார்த்து எழுதுவார், படக்காரர் ஒருவர் உடம்பை வரைவார், இவர் என்ஜினும் சத்தமும். முன்பக்கத்தில் அறுபத்து மூன்று குறிப்பு இருக்கிறது. முதல் தடவை பட்டனை அழுத்தினால் என்ஜின் பிடிக்கவே கூடாது. இரண்டாவது தடவை இருமி, கறுப்புப் புகை விட்டு, பிறகுதான். சுற்று காட்டுகிற முள் ஏறுவதற்கு முன்னால் கொஞ்சம் நடுங்க வேண்டும். அந்த நடுக்கத்துக்கே மூன்று மாதம் மீசையைப் படுத்தி எடுத்தார்.

விமானத்துக்குக் கிழவி என்று பேர் வைத்திருந்தார். "வீட்ல ஒருத்தி, அங்க ஒருத்தியா?" என்று கேட்பேன். "அவ சொன்ன பேச்சு கேக்கறாடி" என்பார். சைக்கிளையே நேராக ஓட்டத் தெரியாத மனுஷன்.

மார்ச் 16, ஞாயிறு

கேட்டேன்.

மகள் ஹெட்போனை என் காதில் மாட்டி, அவர் பதிவு செய்ததைப் போட்டாள். மீசைக்கு அனுப்பிய கடைசிச் சத்தம் இதுதானாம். இருமல், பிறகு பிடித்தது. பஸ் மாதிரி இல்லை, வயிற்றில் வந்து உட்காருகிற சத்தம். வேகம் ஏற ஏற நடுவில் ஒரு கிலுகிலுப்பு. கடைசியில் என்ஜின் நின்றதும் அவர் குரல்: "போதும், இறங்கு. பாத்து, வழுக்கும்."

நான் அழுதது குரலுக்கு என்று மகள் நினைத்தாள். அது மட்டுமில்லை. அந்தக் கிலுகிலுப்பு — அது எனக்குத் தெரிந்த சத்தம். பதினெட்டு வருஷமாக என் இடுப்பில் கேட்கிற சத்தம்.

மார்ச் 17, திங்கள்

போன ஆகஸ்ட். அவருக்கு முட்டி வலி, இறக்கைமேல் ஏற முடியாது. கூடத்து மெக்கானிக் உள்ளே உட்கார்ந்து என்ஜினை ஓட்ட வேண்டும். ஓட்டுகிறவன் காதுக்கு என்ன கேட்கிறதோ அதுதான் வேண்டும், அதனால் அந்தக் காதுக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். இறக்கையின் அடியோரம் குத்தவைத்து உட்கார நான். இவர் கீழே தள்ளி நின்றுகொண்டு நோட்டில் எழுத.

காலை வேலையைப் பாதியில் விட்டு ஓடினேன். வேலை நாளில் நடுவில் வெளியே போனாலோ லீவு போட்டாலோ துணி அறைச் சாவிக்கொத்தை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அதுதான் விதி. மறந்துவிட்டேன். மதியம் வரை மூன்று வார்டுக்கு விரிப்பு இல்லை, பூட்டை உடைத்தார்கள். மேற்பார்வையாளரம்மா திங்கட்கிழமை என்னை நிற்க வைத்துக் கேட்டார்.

சாவி எங்கே இருந்தது? இறக்கைமேல், என் இடுப்பில், விசிறிக் காற்றில்.

மார்ச் 18, செவ்வாய்

துணி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாவிக்கொத்தைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். பதினொரு சாவி, ஒரு பித்தளை வில்லை. அதேதான். கூட்டுகிற அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனாள். ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பாள்.

மார்ச் 20, வியாழன்

அவருடைய பக்கத்தைத் திறந்தேன். அறுபத்து மூன்று: "1800 சுற்றுக்கு மேல் கிலுகிலு சத்தம். வலது பக்க என்ஜின் மூடி தளர்வு. வேறு யாரும் கவனிக்கவில்லை. கட்டாயம் சேர்க்க வேண்டும்." கட்டாயத்துக்குக் கீழே இரண்டு கோடு.

நினைவு வருகிறது. அந்த வாரம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். கண்டுபிடித்துவிட்டேன், கண்டுபிடித்துவிட்டேன் என்று சமையல் கட்டு வரை வந்து சொன்னார். எதை என்று நான் கேட்கவில்லை. மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஹெட்போனைக் கொண்டுவந்து நீட்டினார். கை மாவாக இருக்கு, அப்புறம் என்றேன். அப்போதே கேட்டிருந்தால் அங்கேயே சிரித்து முடிந்திருக்கும். அப்புறம்னு சொன்னேனே பாவி, அந்த அப்புறம் எங்க வந்துச்சு?

மார்ச் 22, சனி

மீசை கூப்பிட்டார். அடுத்த ஞாயிறு வெளியிடப் போகிறார்களாம். ஓட்டிப் பார்க்கக் கொடுத்த ஆட்கள் எல்லோரும் அந்த மூடிச் சத்தத்தைத்தான் புகழ்கிறார்களாம். படக்காரர் மூடி அதிர்வது போலவே வரைந்துவிட்டாராம். "அண்ணன் காது வேற யாருக்கும் வராது அண்ணி. அவர் பேர முதல்ல போட்டிருக்கோம்" என்றார்.

நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சொன்னால் அவர் தப்பு. சொல்லாவிட்டால் கிழவி தப்பு. யாருக்குத் தெரியப் போகிறது? உலகத்தில் எந்த வீட்டில் எவன் ஓட்டினாலும் என் சாவி கிலுகிலுக்கும், இவர் கீழே நின்று எழுதிக்கொண்டிருப்பார். இருந்துவிட்டுப் போகட்டுமே.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் அவர் தைத்துப் போட்டுக்கொண்ட நாற்காலி மெத்தையைத் தட்டிப் போடும்போது தோன்றியது. முள் நடுங்குவதற்கு மூன்று மாதம் சண்டை போட்ட ஆள். பொய்யைப் புகழ்ந்தால் அவருக்குக் கோபம்தான் வரும். என் மேல்தான் வரும்.

மகளைக் கூப்பிட வைத்தேன். மீசைக்குப் புரியவில்லை. சாவிக்கொத்தை எடுத்து மைக் முன்னால் ஆட்டினேன்.

"அண்ணி, இன்னொரு தடவ ஆட்டுங்க" என்றார். ஆட்டினேன். சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு என்றுதான் நினைத்தேன், கடைசியில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டு வந்து சொன்னார்: "எட்டு மாசமா உங்க சாவிய வச்சு மூடி வரைஞ்சிருக்கோம்."

அழித்துவிட்டால் போதுமா என்று கேட்டேன். அந்தக் கிலுகிலு எல்லாச் சத்தத்தோடும் கலந்து கிடக்கிறதாம், பிரிக்க வராதாம். வெளியீட்டைத் தள்ளி வைக்கிறார்கள். ஏப்ரல் ஐந்து என்ஜின் ஓட்டுகிற சனிக்கிழமை. "மைக் யார் பிடிப்பா?" என்றார் மீசை. கேள்வியா அது.

ஏப்ரல் 4, வெள்ளி

நாளைக்கு லீவு சொல்லியாயிற்று. சாவியைக் காவலாளியிடம் கொடுத்து, வாசல் பதிவு நோட்டில் கையெழுத்தும் போட்டேன். "என்னம்மா, இன்னிக்கு இவ்ளோ உஷாரு?" என்றார்.

ஏப்ரல் 5, சனி

மீசைக்கு மீசை இல்லை. பல் டாக்டர். வழுக்கை. என்னைவிட ஒரு சாண் குள்ளம். கும்பிட்டுவிட்டு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார், திருப்பித் தரவே இல்லை.

கூடத்து மெக்கானிக்கிடம் சாவி விஷயத்தைச் சொன்னேன். அவர் மீசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூணு தடவ அந்த மூடியக் கழட்டினேம்மா, உங்க வீட்டுக்காரர் பேச்சக் கேட்டு. சத்தம் கிடைக்கல, எலிக்கூடு கிடைச்சுது." மூவரும் சிரித்தோம். ஜனவரிக்குப் பிறகு எனக்கு அதுதான் முதல் சிரிப்பு.

இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறினேன். முதல் தடவை பிடிக்கவில்லை. இரண்டாவது இருமல், புகை. காற்று முகத்தில் அறைந்தது. மைக்கை ஆட்டாமல் பிடித்தேன். ஆயிரத்து எண்ணூறு வந்தது, தாண்டியது. கிலுகிலுப்பு இல்லை. மூடி கெட்டியாகத்தான் இருக்கிறது.

கீழே அவர் நிற்கிற இடத்தில் மீசை நின்றார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

என்ஜினை நிறுத்தினார்கள். விசிறி நின்றது. நான் இறங்கவில்லை. முட்டி மரத்துப்போனதும் தெரியவில்லை, மைக்கைப் பிடித்தபடியே இருந்தேன். மெக்கானிக்கும் உள்ளே அசையாமல் உட்கார்ந்திருந்தார். இறங்கு என்று யாரும் சொல்லவில்லை. அவர் சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன் என்று பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

கிழிசல் ஆறு. தைத்து முடித்தேன்.

ஏப்ரல் 12, சனி

மீசை கூப்பிட்டார். பதிவு சுத்தமாக இருக்கிறதாம். மூடி அதிர்கிற படத்தை எடுத்தாயிற்றாம். அப்புறம் இழுத்து இழுத்துக் கேட்டார்: "அண்ணி, என்ஜின் நின்ன பிறகும் நாலு நிமிஷம் மைக்க எடுக்கலையே, ஏன்?"

கை மரத்துப்போச்சு என்றேன்.

"அதுல ஒண்ணு இருக்கு. கேட்டுப் பாருங்க" என்றார். கேட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தும் நான் கவனிக்காதது. பழைய பதிவில் அந்த இடத்தில் அவர் குரல்தான், நான் உடனே இறங்கிவிட்டேன், பதிவும் முடிந்துவிட்டது. அதனால் யாருக்கும் தெரியாமல் போயிற்று. அவருக்கும்.

"எழுதி அனுப்பறீங்களா, அண்ணன் எழுதுற மாதிரி?" என்றார் மீசை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று நோட்டை முன்பக்கமாகத் திறந்தேன். அறுபத்து மூன்றின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "சாவி" என்று எழுதினேன். அவர் எழுத்து மறையாதபடிக்கு மெல்லிய கோடுதான். அதன் கீழே எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

64. என்ஜினை நிறுத்திய பிறகு சத்தம் முடிவதில்லை. சூடு ஆறும்போது இரும்பு டிக் டிக் என்று சொல்லும். முதலில் அடுத்தடுத்து. பிறகு விட்டு விட்டு. நான்கு நிமிஷம் இருந்தால் கேட்கும். உடனே இறங்கக் கூடாது. கட்டாயம் சேர்க்க வேண்டும்.