கழற்றி வைத்த தடுப்பு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே. பிரசங்கத்துக்கு விஷயம் தீர்ந்தால்தான் போதகருக்கு அக்கா ஞாபகம் வருகிறது. சரி, வேலையைப் பற்றிக் கேட்டாய், எழுதுகிறேன்.

எங்கள் சலவைக்கூடத்துக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலைபோல் வருகின்றன. ஈரத் துணியைச் சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டால் அந்தப் பக்கம் காய்ந்து, சுருக்கம் நீங்கி விழும். உருளைக்கு முன்னால் ஓர் இரும்புத் தடுப்பு இருந்தது. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி சுருண்டு இடித்தாலும் நிற்கும். அதனால் வேலை தாமதமாகிறதாம், முதலாளி கழற்றச் சொல்லிவிட்டார். இப்போது உருளை நிற்பதில்லை, நாங்களும் நிற்பதில்லை. பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறோம். "மூக்கு அரிச்சாக்கூட ஞாயித்துக்கிழமைதான் சொறியணும்க்கா" என்கிறாள். அவளால்தான் பொழுது போகிறது.

உன் அன்பு அக்கா

மார்ச் 14

கர்த்தருக்குள் பிரியமான அக்கா,

உன் கடிதம் எனக்கு வானத்திலிருந்து விழுந்த மன்னா அப்பம். போன ஞாயிறு அந்தத் தடுப்பை வைத்தே பேசினேன். நமக்கும் ஆண்டவருக்கும் நடுவில் பயம், சந்தேகம் என்று எத்தனை தடுப்புகள்! கழற்றி வைத்தால் கிருபை நிற்காமல் ஓடும் என்றேன். பலர் அழுதார்கள். உங்கள் முதலாளி இங்கே சபை மூப்பர் அல்லவா, முன்வரிசையிலிருந்து எழுந்து, "அது நம்ம சலவைக்கூடம்தான் பாஸ்டர், நான்தான் கழட்டச் சொன்னேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சபைக்குப் புதுக்கூரை போட்டுத் தருகிறாராம்.

அன்றாட வேலையில் ஆண்டவர் ஒளித்து வைத்திருக்கிற பாடங்களைக் கவனி அக்கா. வாயாடியைப் பற்றியும் எழுது.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்,
தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

வாயாடியைப் பற்றி எழுதச் சொன்னாய். அவள் வலது கையை உருளை இழுத்துவிட்டது. சுவிட்ச் சுவரோரம் இருக்கிறது. நான் ஓடி அணைப்பதற்குள் மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது. விரல்களில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். விரிப்பில் கறை படிந்ததால் சூப்பர்வைசர் அதைத் திரும்பத் துவைக்கப் போட்டான்.

அன்று சாயங்காலமே தடுப்பை மாட்டிவிட்டார்கள். அவளாகத்தான் அதைக் கழற்றினாள் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் அவளுக்கு நஷ்டஈடு கிடையாது. விசாரிக்க வந்த தொழிலாளர் அதிகாரி, கூட வேலை செய்கிறவள் அப்படித்தான் சொல்வாள் என்று என் பேச்சைத் தள்ளிவிட்டார். போதகர் சொன்னால் தள்ள மாட்டார். முதலாளி சபையில் எழுந்து சொன்னதை ஒரு தாளில் எழுதி அந்த அதிகாரிக்கு அனுப்பு. உன்னிடம் நான் வேறு எதுவும் கேட்டதில்லை.

அக்கா

ஏப்ரல் 13

பிரியமான அக்கா,

உடைந்துபோனேன். குடும்பமாக முழங்காலில் நின்று ஜெபித்தோம். ஓர் அவயவம் பாடுபட்டால் முழுச் சரீரமும் பாடுபடும் என்று சபையில் பேசினேன். மூப்பர்கூட உருக்கமாக ஆமென் சொன்னார்.

நீ கேட்டதைப் பற்றி. நான் அன்று சொன்னது ஓர் உவமை. உவமையை எப்படி அதிகாரியிடம் எழுதிக் கொடுப்பது? மூப்பர் என்ன சொன்னார் என்பதும் எனக்கு இப்போது தெளிவாக நினைவில்லை. கூரை பாதி ஏறியிருக்கிறது. நாங்கள் இருக்கிற வீடும் சபையின் வீடுதான். பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? பொறுமையும் ஒரு பாடம்தான் அக்கா. அவளுக்காகச் சபையில் காணிக்கை எடுத்து அனுப்பியிருக்கிறோம்.

தம்பி

ஏப்ரல் 20

தம்பி,

காணிக்கை வந்தது. வாயாடி வாங்கிக்கொண்டாள். ரோஷப்பட அவளுக்கு வசதியில்லை.

காலையில் அவளுக்குச் சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். நேற்று, "இனிமே மோதிரம் வேணும்னு எவனையும் நச்சரிக்க மாட்டேன்க்கா" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகு பொத்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. இதில் பாடம் தேடாதே. பொத்தான் போட வேண்டியிருக்கிறது, போடுகிறேன்.

எனக்கும் விசுவாசம் இருக்கிறது. அம்மா நம் இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார வைத்துத்தான் ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் நீ பிரசங்கிக்கிற ஆண்டவர் கை நசுங்கும்போதும் பாடம் நடத்துகிறார். எனக்குத் தெரிந்த ஆண்டவர் சுவிட்சை அணைக்க ஓடியிருப்பார்.

இனி உனக்கு எழுத மாட்டேன். ஞாயிறன்று முதல் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்காது, தெரியும். மூப்பருக்கு நேர் பின்னால் உட்காருவோம். பாட்டு முடிந்ததும், சாட்சி சொல்கிறவர்கள் வலது கையை உயர்த்துங்கள் என்று வழக்கமாகக் கேட்பாயே, கேள். நீ கேட்காவிட்டாலும் அவள் உயர்த்துவாள்.

அக்கா