ஒரு பேர், ரெண்டு பேர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நானும் அப்பாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் அப்பப்ப ஏதாவது முனகும், நான் காதுல போட்டுக்கிறதில்ல. நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கியான்னு தெரிஞ்சா எனக்கு அதுவே போதும். இதையெல்லாம் போன்லயே சொல்லலாமேன்னு நினைப்ப. போன்ல நான் ஒரு விஷயத்தை ஆரம்பிச்சா நீ சரிம்மா சரிம்மான்னு பாதியிலயே முடிச்சு வச்சிடுற. இது பாதியில விடுற சங்கதி இல்ல. உங்கப்பாவும் பேக்கரிக்காரரும் சண்டை போட்டு, ராசியும் ஆயிட்டாங்க, அதுவும் மொத்தப் பங்கு ஜனமும் பாத்துக்கிட்டு இருக்கும்போது.

நம்ம மாதா கோயில் கேட்டுக்குள்ள, சைக்கிள் நிறுத்துற இடத்துக்கு எதிர்ல ஒரு கறுப்புக் கல் நிக்குமே, நம்ம பங்குல இருந்து பட்டாளத்துக்குப் போய் அந்தப் பெரிய யுத்தத்துல செத்தவங்க பேரெல்லாம் வெட்டினது, ஞாபகம் இருக்கும். அதுல நடுவில இருக்கிற பேரு அப்பாவோட பெரியப்பா பேருன்னு சின்னதுல உனக்குக் காட்டியிருக்கார். இந்த வருஷம் புதுசா வந்திருக்கிற ஃபாதர், யுத்தம் முடிஞ்ச நாள்ல ஒவ்வொரு பேராப் படிக்கலாம், அந்தக் குடும்பத்துல இருந்து ஒருத்தர் வந்து கல்லுகிட்ட ஒரு பூ வைக்கட்டும், உபதேசியார்கிட்ட சொல்லி வைங்கன்னு பூசையில அறிவிச்சார். அப்பா அன்னிக்கே சட்டையை மாட்டிக்கிட்டு உபதேசியார் வீட்டுக்குப் போனா, அங்க பேக்கரிக்காரர் முன்னாடியே உக்காந்திருக்கார். அவர் சொன்னதும் அதே பேருதான். அது அவரோட தாய்மாமாவாம். கல்லுல ஞானஸ்நானப் பேர் மட்டும்தான் இருக்கு, இனிஷியல் கிடையாது, ஊர் கிடையாது. இத்தனை வருஷமா ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒரே வரியைப் பாத்துத் தங்களோட ஆளுன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கோம்.

அப்புறம் என்ன, ரெண்டு பேருக்கும் பிடிச்ச முயலுக்கு மூணே கால். உங்க தாய்மாமா பட்டாளத்துக்குப் போனாரா இல்ல பட்டாளத்துக்காரங்களுக்கு ரொட்டி சுட்டாரான்னு அப்பா கேட்டாராம். அப்பா பஸ் ஓட்டினதை இழுத்து, உங்க பெரியப்பாவும் பஸ் ஓட்டத்தான் போயிருப்பார்னு அவர் சொன்னாராம். அதோட பேச்சு நின்னு போச்சு. அப்பா மறுநாள்ல இருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் ரொட்டி வாங்க ஆரம்பிச்சார். அதைக் கடிக்கப் பல்லும் பத்தாது, முழுங்கத் தண்ணியும் பத்தாது. நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிக்கிட்டே மென்னுக்கிட்டு இருப்பார், கண்ணுல தண்ணி நிக்கும். கல் வெட்டுறவரைக் கூட்டிட்டு வந்து காட்டினாங்க, இன்னொரு பேர் வெட்ட இடமே இல்ல, ஓரத்துல உளியை வச்சா கல்லு பிளந்துடும்னுட்டார். பக்கத்துல சின்னதா வேற கல் நடலாம்னு ஃபாதர் சொன்னார். சரி, அவங்க ஆளை அங்க மாத்துங்கன்னு ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொன்னாங்களாம்.

நான் ஒரு நாள் கோபமா, செத்தவருக்கே இல்லாத ரோஷம் உங்களுக்கு எதுக்குன்னு கேட்டுட்டேன். அதுக்கு அவர், எங்க பெரியப்பா கப்பலோட முழுகிப் போயிட்டார், புதைக்க ஒண்ணும் வரல, எங்கப்பா அண்ணனை நினைச்சு அழணும்னா அந்தக் கல்லுகிட்டதான் போய் நிப்பார், நான் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கூட நின்னிருக்கேன், அதை எப்படி விட்டுக் குடுக்கிறதுன்னார்.

இதுக்கு நடுவில பேக்கரி கண்ணாடிக்குத் திரை தைக்கிற வேலையை நான் முன்னாடியே ஒத்துக்கிட்டிருந்தேன். ஆம்பளைங்க சண்டைக்கு என் தையல் மிஷின் என்ன பண்ணும், டேப்பை எடுத்துக்கிட்டு அளவெடுக்கப் போயிட்டேன். பேக்கரிக்காரர் சம்சாரம் முதல்ல முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. நான் ஸ்டூல் மேல ஏறி நின்னும் மேல் கம்பி எட்டல. அப்ப அந்தம்மா, எங்க வீட்டுக்காரரோட மாமா இருந்திருந்தா தரையில நின்னே எடுப்பாராம், அவ்வளவு உயரம், எந்தச் சட்டையும் கைக்குப் பத்தாதாம், அப்படிப்பட்ட மனுஷன் நாயைக் கண்டா ரெண்டு தெரு சுத்திப் போவாராம்னு சொன்னாங்க. எனக்கு ஸ்டூல்ல நிக்க முடியாத அளவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நம்ம பெரியப்பா குள்ளம், பட்டாளத்துல உயரம் பத்தாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, மறுபடி ஷூவுக்குள்ள துணியைத் திணிச்சுக்கிட்டுப் போய்ச் சேந்தவர்னு சொன்னேன். அந்தம்மாவும் சிரிச்சாங்க. அப்புறம் ரெண்டு பேருக்கும் சிரிப்பு நின்னு போச்சு. அவங்க ஆளு எங்கயோ பட்டாளத்து ஆஸ்பத்திரியில காய்ச்சல்ல போயிட்டார்னு தகவல் மட்டும் வந்துச்சாம், அவங்களுக்கும் அந்தக் கல்லை விட்டா வேற இடம் கிடையாது. செத்தது ரெண்டு பேர். ஒரே பேர் ரெண்டு தடவை வந்திருக்கேன்னு கல்லு வெட்டுன காலத்துல யாரோ லிஸ்ட்டுல ஒண்ணை அடிச்சிருப்பாங்கன்னு எங்களுக்குத் தோணுச்சு.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னா, உங்கப்பா, உயரம் எல்லாம் சொல்றவங்க வாயைப் பொறுத்ததுன்னுட்டார். அவங்க வீட்டுலயும் அதே பதில்தானாம். சரி, இவங்ககிட்ட பேசிப் பிரயோஜனம் இல்லன்னு நாங்க ரெண்டு பேரும் நேரா ஃபாதரைப் போய்ப் பாத்தோம். வெட்டத்தானே இடம் இல்ல, படிக்க இடம் இருக்கேன்னு பேக்கரிக்காரம்மாதான் சொன்னாங்க. ஃபாதர் எங்களை ஒரு பார்வை பாத்துட்டு, உங்க வீட்டுக்காரங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீங்கன்னார்.

அன்னிக்குக் காலையில கல்லைச் சுத்தி நல்ல கூட்டம். பேர் படிச்சது நம்ம பழைய ஹெட்மிஸ்ட்ரஸ், அவங்க குரலுக்கு இன்னும் எல்லாரும் முதுகை நிமித்திக்கிறாங்க. நடுப்பேர் வந்ததும் இந்தப் பக்கத்துல இருந்து உங்கப்பா, அந்தப் பக்கத்துல இருந்து அவர், ஆளுக்கொரு பூவோட கிளம்பி, கல்லுக்கு முன்னாடி முட்டிக்கிட்டு நின்னாங்க. டீச்சர் கொஞ்சம் நிறுத்தி, அதே பேரை மறுபடியும் படிச்சாங்க. பின்னாடி யாரோ, டீச்சருக்கு வரி மாறிப் போச்சுன்னு சொன்னது கேட்டுது. அவங்க கண்ணாடியைக் கழட்டிட்டு, வரி மாறல, அந்தப் பேர்ல ரெண்டு பேர் போனாங்க, ரெண்டு பேரும் வரல, அதனால ரெண்டு தடவைன்னு சொல்லிட்டு அடுத்த பேருக்குப் போகாம நின்னாங்க.

உங்கப்பா பேக்கரிக்காரரைப் பாத்தார். அவர் இவரைப் பாத்தார். அப்புறம் பேக்கரிக்காரர் ஒரு அடி பின்னாடி போய், மெதுவாப் பேசுறதா நினைச்சுக்கிட்டு மைக் பக்கத்துலயே, உங்க ஆளு முன்னாடி நிக்கட்டும், எங்க ஆளு பின்னாடி நின்னாலும் தெரிவார்னார். குள்ளம், உயரம் கதையெல்லாம் அதுக்குள்ள தெரிஞ்சு வச்சிருந்த கூட்டம் மொத்தமும் கேட்டுச்சு. செத்தவங்களை நினைக்கிற இடத்துல இவ்வளவு சிரிப்பை நான் பாத்ததில்ல. உங்கப்பாவும் சிரிச்சார், சிரிச்சுக்கிட்டே அழுதார், பூவை வச்சுட்டு நகராம அவர் வைக்கிற வரைக்கும் பக்கத்துல நின்னார்.

அதுக்கப்புறம் ஒருத்தரும் வீட்டுக்குப் போகல. எங்க சித்தப்பா நல்லா விசில் அடிப்பார்னு ஒருத்தர், எங்க தாத்தாவோட தம்பிக்குக் கணக்கே வராதுன்னு இன்னொருத்தர், இதுவரைக்கும் பேரா மட்டும் இருந்தவங்களைப் பத்தி ஆளாளுக்குச் சொல்லிக்கிட்டே நின்னாங்க. வெயில் ஏறினதும்தான் கலைஞ்சாங்க. ஃபாதர் இனி வருஷா வருஷம் ரெண்டு தடவைதான் படிக்கணும்னு சொல்லிட்டார். நம்ம வீட்டுலயும் இப்ப மெல்லக்கூடிய ரொட்டி வருது.

பல் வலின்னியே, டாக்டர்கிட்ட போனியா இல்லையா, போகலன்னா இதைப் படிச்ச கையோட போ. குளிர்ல ஈரத் தலையோட வெளிய போகாத. கடவுள் உன்னை ஒரு குறையும் இல்லாம வச்சுக் காப்பாத்தணும், போன இடத்துல நல்ல மனுஷங்க துணை கிடைக்கணும். அடுத்த வருஷம் அந்த நாளுக்கு லீவு கேட்டு வைக்கச் சொன்னார் அப்பா. பூ வைக்கும்போது நீ கூட நின்னு அவர் கையைப் பிடிச்சுக்கணுமாம்.

எப்பவும் உன் நினைப்பாவே இருக்கிற
அம்மா