கிங்ஸ்டனின் வெட்டுக்கத்தி

27 ஏப்ரல் 2025, ஞாயிறு. காலை 6.40. கத்திகள் ஒன்பது.

எல்லாம் மடக்க முடியாத நீளக் கத்திகள், மரம் வெட்டுவதற்கு. வீட்டுக்குப் பின்னால் தார்பாய் விரித்து வரிசையாகக் கிடத்தினேன். ஒரு நேபாளக் குக்ரி, மலேசியாவிலிருந்து வந்த பராங், பிலிப்பைன்ஸ் போலோ, ஆன்லைனில் வாங்கிய அமெரிக்கக் கத்தி இரண்டு, நாட்டு வெட்டுக்கத்தி மூன்று, என் மானத்தை வாங்கிய ஜெர்மன் சனியன் ஒன்று.

மணிக்கட்டுத் தடிமனில் காய்ந்த உடைமரக் கிளை. குக்ரிக்குப் பதினொரு வெட்டு. போலோவுக்குப் பத்து, கை வலி தனி. பராங் ஒன்பதில் முடித்தது. எங்கள் ஊர் லாரி டிரைவர் கிங்ஸ்டனின் கத்திக்கு இதே தடிமன் ஆறு வெட்டுதான் பிடிக்கும். போன வருடம் கண்ணால் பார்த்தேன்.

நடந்ததை ஒருமுறை முழுசாக எழுதிவிடுகிறேன். கோபம் ஆறிவிடக் கூடாது. எங்கள் சர்ச் அசன விருந்துக்கு ஊர் ஆண்கள் சேர்ந்துதான் விறகு வெட்டுவோம். அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறியும் வேகணும். ஜெர்மன் கத்தியைப் போன வருட விறகு வெட்டு அன்றைக்குத்தான் உறையிலிருந்து எடுத்தேன். நாலாவது வெட்டில், கணுவில் பட்டு, கத்தியின் வெட்டுவாயில் ஒரு சில்லு பெயர்ந்து போனது. காரணம் எனக்குத் தெரியும்: எஃகின் கடினம் ராக்வெல் அளவில் 61, அவ்வளவு ஏறினால் எஃகு உடையும்; விளிம்பும் மெல்லிசு. அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் கிங்ஸ்டன் சில்லைப் பொறுக்கி எல்லாருக்கும் காட்டினான்.

"ஏலே, இன்ஜினியர் கத்திக்குப் பால்பல்லு விழுந்துட்டு. கூரை மேல போடுங்கலே, புதுசு முளைக்கும்."

சபைப் போதகரான ஐயர்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து நான் பொக்கை. பி.இ. மெக்கானிக்கல், தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் உலோகப் பரிசோதனை வேலை — இதெல்லாம் யாருக்கு வேணும்? ஜெஸ்டின் என்று அம்மா மட்டும்தான் கூப்பிடுகிறாள்.

இந்த வருடம் விறகு வெட்டு மே 22.

1 மே

சாத்தான்குளத்தில் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் ஜெயஷீலா, டீச்சர். காபி வந்தது, நல்ல பேச்சுதான். கிளம்பும் நேரம் பெண்ணின் அண்ணன் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், "கேக்கேன்னு கோவிச்சுக்காதீங்க. பொக்கைன்னு சொல்லுதாங்களே, அது நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு என் பல்லைப் பார்த்தார். பல்லை. மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல.

திரும்பி வரும்போது அப்பா எனக்கு நாலு அடி முன்னாலேயே நடந்தார்.

கிங்ஸ்டன், உன்னை விடமாட்டேன்.

4 மே, ஞாயிறு

நம்ப முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் அவனே வீட்டுக்கு வந்தான், கத்தியோடு.

"ஏலே பொக்கை, பிடி ஆடுது பாத்துக்க. உன் பட்டறையில மிஷின்லாம் இருக்குல்லா, புதுசு போட்டுத் தா. நாளைக்கு உப்பு லோடு ஏத்தி பெங்களூரு போறேன்."

"வச்சிட்டுப் போ."

"பத்திரம்டே. நான் முதமுதல்ல ஓட்டுன லாரியோட ஸ்பிரிங் பட்டா அது. வண்டிய உடைச்சு இரும்புக்குப் போட்டப்ப இத மட்டும் கேட்டு வாங்கி, கொல்லன்கிட்ட கொடுத்துக் கத்தியா அடிச்சேன்."

தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். கத்தி என் மேசையில். இதை எழுதும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

6 மே

கடினம் பார்க்கும் மிஷினில் வைத்தேன். வாய் 54, முதுகு 44. வாய் தேயாது, முதுகு முறியாது. படிக்காமல், அளக்காமல் எவனோ அடித்த கத்தி, என் ஒன்பதையும்விட நன்றாக இருக்கிறது. எரிச்சல்.

8 மே

செய்துவிட்டேன்.

எங்கள் பக்கம் பிடி போடுவது இப்படி: கத்தியின் வாலைப் பழுக்கக் காய்ச்சி, மரப்பிடியின் துளையில் அரக்கு போட்டு இறக்குவார்கள். அந்தச் சூடு அலகுக்கு ஏறாமல் இருக்க, அலகும் வாலும் சேரும் கழுத்தில் ஈரச்சாக்கு சுற்றியிருக்கணும். நான் சாக்கு சுற்றவில்லை. அதோடு விட்டிருந்தால் கவனக்குறைவு. நான் கேஸ் டார்ச்சைக் கழுத்திலேயே காட்டிச் செக்கச்செவேல் ஆக்கி, அப்படியே தண்ணீரில் முக்கினேன். ஸ்ஸ் என்றது. மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதமாக்கவில்லை. இப்போது அந்த இடம் கண்ணாடி மாதிரி, அடி பட்டால் உடையும். எமரித் தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன், வெளியே ஒன்றும் தெரியாது. நல்ல கணுவில் ஓங்கி ஒரு வெட்டு — அவ்வளவுதான்.

எல்லார் முன்னாலும். அவன் கையில். கூரை மேல போடுங்கலே என்று நான் சொல்வேன். பஸ்ஸில் வரும்போது சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன்.

11 மே, ஞாயிறு

கத்தியைக் கொடுத்தேன். அலகில் மிஷின் வைத்த புள்ளியைப் பார்த்து, "என்னலே, என் கத்திக்கு அம்மை போட்டிருக்கு?" என்றான். பிறகு பிடியை அழுத்திப் பார்த்தான். "கல்லு மாதிரி இருக்கு. அசனத்துக்கு வச்சிக்கிடுதேன். அதுவரைக்கும் தொடமாட்டேன்."

நல்லது. தொடாதே.

13 மே

நாட்டுக் கத்திகளைப் பட்டறையில் சாணை பிடித்துக்கொண்டு வந்தேன். ஆழ்வார்திருநகரி தாண்டி போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. பையைத் திறந்தார்கள். "இத்தன கத்தி எதுக்குடே?" "ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்க, சார்." "யார் மேல?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. பட்டறை அடையாள அட்டையைக் காட்டிப் பையைத் திரும்ப வாங்கினேன்.

18 மே, ஞாயிறு

ஐயர் அறிவிப்பு: இந்த வருடம் யாரும் தன் கத்தி, தன் பெருமை என்று நிற்கக் கூடாதாம். எல்லாக் கத்தியையும் ஒரே தார்பாயில் போட்டு ஜெபம் பண்ணிவிட்டு, கைக்கு வந்ததை எடுத்து வெட்டணும். "போன வருசம் ஒரு தம்பி மனசு நொந்துபோச்சு" என்று பெயர் சொல்லாமல் சொன்னார். மொத்தச் சர்ச்சும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

கிங்ஸ்டன் தன் கத்தியை விட்டுக்கொடுக்கிற ஆளா? அதைத்தான் எடுப்பான்.

எடுப்பான்தானே?

22 மே

வரிசையாக எழுதணும்.

ஜெபம் முடிந்தது. கிங்ஸ்டன் முதல் ஆளாகக் குனிந்து என் பராங்கை எடுத்தான். "இன்னைக்குப் பொக்கை கத்தியில வெட்டுதேன். பல்லு நிக்கா, விழுதான்னு பாப்போம்."

நான் திரும்புவதற்குள் கிங்ஸ்டனின் கத்தி அப்பா கையில். எடை பார்த்துக்கொண்டு நிற்கிறார். புதுப் பிடி. நான் போட்ட பிடி.

"அப்பா, அத எனக்குத் தாங்க."

"ஏம்ல, எதுன்னா என்ன?"

பிடுங்கினேன். மெல்லிய சுள்ளியாகப் பார்த்து, கணு இல்லாத இடமாகப் பார்த்துக் கொத்தினேன். எப்படியாவது மத்தியானம் வரை ஓட்டிவிட்டால் போதும் என்று.

"என்னலே, என் கத்திய வச்சு விறகுக்குச் சவரம் பண்ணுதியா?" கிங்ஸ்டன் எழுந்து வந்தான். "கொண்டா இங்கன. எப்படி வெட்டணும்னு காட்டுதேன். மாமா, அந்தக் கிளையக் கொஞ்சம் பிடிங்க."

மாமா என்றது அப்பாவை. அப்பா உட்கார்ந்து கிளையைப் பிடித்தார். கணுவுக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் ஒரு கை தூரம்.

நான் போட்ட திட்டம் இதுதான். இதே கூட்டம், இதே கத்தி, அவன் கை. கத்தியை அவனிடம் நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். முறிந்த அலகு எந்தப் பக்கம் பறக்கும் என்பதை மட்டும் நான் யோசிக்கவே இல்ல. ரெண்டு வாரமா யோசிக்கல. அப்பா மூஞ்சிய விடு, கிங்ஸ்டன் மூஞ்சியக்கூட யோசிக்கல. சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு எனக்கு.

"தள்ளுங்க எல்லாரும்." ஆள் இல்லாத பக்கம், மதில் ஓரத்தில் கிடந்த அடிமரத்துக்குப் போனேன். கணுவைப் பார்த்து முழுப் பலத்தோடு ஒரே வெட்டு. டக். பிடி கையில் நின்றது. அலகு மதிலில் மோதி விழுந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல்: "கிங்ஸ்டன் கத்திக்கும் பல்லு போயிட்டா? அப்ப இனி ஊருல ரெண்டு பொக்கை."

சிரிப்பு. இந்தத் தடவை அவனைப் பார்த்து.

கிங்ஸ்டன் அலகைப் பொறுக்கினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதைச் சுற்றி, லாரியில் கொண்டுபோய் வைத்தான். ஒரு வருடமாக நான் பார்க்கக் காத்திருந்த முகம். பாக்க முடியல.

25 மே, ஞாயிறு

நேற்று அசனம் முடிந்தது. "பொக்கை ரெண்டு பேரும் குழம்பு வாளியத் தூக்குங்கலே" என்று பந்தியில் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் தூக்கினோம். வாளியை வைக்கும்போது கிங்ஸ்டன் சொன்னான், "பட்டா பழசுடே. உன் மேல தப்பு இல்ல." நான் வாயைத் திறந்தேன். பந்தியில் குழம்பு கேட்டார்கள்.

இனி செய்ய வேண்டியது:

1. விரிசல் இல்லாத லாரிப் பட்டா ஒன்று. நானே பார்த்து எடுக்கணும்.
2. அதில் கிங்ஸ்டனுக்கு ஒரு கத்தி. வாய் 54, முதுகு 44. ஒரு புள்ளி குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து.
3. பிடி போடும்போது கழுத்தில் ஈரச்சாக்கு.
4. கொடுக்கும்போது தண்ணீரில் முக்கியதைச் சொல்லணும். கொடுத்த பிறகு அல்ல, கொடுப்பதற்கு முன். ஓர் அடி அடித்தால் வாங்கிக்கொள்வேன். இரண்டாவது அடிக்குத் திருப்பிக் கொடுப்பேன்.
5. மிச்சப் பட்டாவில் எனக்கு ஒன்று. அடுத்த அசனத்தில் அதே தடிமனை ஐந்து வெட்டில் முடிக்கணும், அவன் கண் முன்னால். பொக்கைப் பட்டம் அவனிடமே நிற்கட்டும்.