சிங்கராயர் இறந்த செய்தி

ரங்கூன், 1966

அன்புள்ள தெரேசாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சென்னையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் வேலை பார்த்த நம் தமிழ்ப் பத்திரிகையை அரசாங்கத்தார் மூடிவிட்டார்கள். இனி பர்மியப் பத்திரிகை மட்டும்தானாம்.

சிங்கராயர் அண்ணன் காலமானார். அடக்கத்துக்கு நாலு பேர்தான் வந்தோம். மரண அறிவிப்பை எதில் போடுவது?

நேற்று அவருடைய சிநேகிதர் செல்லையா, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சிரியம் ஊரிலிருந்து கருவாட்டோடு படகேறி வந்து, "எங்கேப்பா சிங்கராயரு, ஆளையே காணோம்?" என்றார். எத்தனையோ சாவுகளை அச்சுக்கோத்த எனக்கு, வாயால் சொல்ல வரவில்லை.

என் இருமலைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே மழை விடவில்லை.

மாதந்தோறும் எழுதுகிறேன். ஒரு மாதம் என் கடிதம் வராவிட்டால், அதையே அறிவிப்பாக எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளின் அப்பா